தானாக ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டர்

கேள்வி: அசெம்பிள் செய்து ஆறு வருடமான கம்ப்யூட்டர், இன்டெல் ஐ5. வீடியோ எடிட் செய்ய உட்கார்ந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. மதிய வெயிலில் தொல்லை அதிகம். விண்டோஸைப் புதிதாகப் போட்டும் தீரவில்லை. பிராசஸரை மாற்ற வேண்டுமா?
– வேலூர் வாசகர்

பதில்: வேண்டாம். பிராசஸர் கெட்டுப்போவது அபூர்வம். எதற்கும் காசு செலவழிக்கும் முன் பிராசஸரின் வெப்பநிலையைப் பாருங்கள். வெப்பநிலையைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு எடிட்டிங்கை ஓடவிடுங்கள். 80 டிகிரி செல்சியஸ் வரை பயமில்லை. 95-ஐத் தாண்டினால் சூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உங்கள் வகை பிராசஸர் 100 டிகிரியை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு அடங்காவிட்டால்தான் மின்சாரத்தைத் துண்டிக்கும். எனவே ரீஸ்டார்ட்டுக்கு முன் வேலை மந்தமாகிறதா என்றும் கவனியுங்கள்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று பதிவாகியிருக்கும். அதை வைத்து எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

சூடுதான் என்று உறுதியானால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். ஃபேனுக்கு அடியில், பிராசஸரின் சூட்டை இழுக்கும் உலோகப் பகுதியான ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் தூசி கம்பளம்போலப் படிந்திருக்கும். புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும்.

அடுத்தது பிராசஸரின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட். ஆறு வருடத்தில் அது காய்ந்திருக்கும். ஹீட்சிங்க்கின் நான்கு பின்களையும் அம்புக்குறிப் பக்கம் திருப்பி, மேலே இழுத்துக் கழற்றுங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பிராசஸர், ஹீட்சிங்க் இரண்டிலிருந்தும் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். பிறகு பிராசஸரின் நடுவில் பச்சைப்பயறு அளவு புது பேஸ்ட் போதும், ஹீட்சிங்க்கின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். பலர் சறுக்குவது மாட்டும்போதுதான். பின்களைப் பழைய நிலைக்குத் திருப்பி, குறுக்காக எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டிரண்டு பின்களாக 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். ஒன்று சரியாக அமராவிட்டாலும் ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அப்போது பயாஸ் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புகள்) திரையில் சும்மா இருக்கும்போதே வெப்பநிலை சரசரவென்று ஏறும்.

இதற்குப் பிறகும் சூடு குறையாவிட்டால், மூடியைத் திறந்து வைத்து அளந்து பாருங்கள். பத்து டிகிரி இறங்கினால் கேபினட்டுக்குள் காற்றோட்டம் போதவில்லை. பின்பக்கம் வெளியே தள்ளும் ஃபேன் ஒன்று அவசியம். கம்ப்யூட்டர் டேபிளின் மூடிய தட்டுக்குள் கேபினட்டை வைத்திருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள்.

ரீஸ்டார்ட் ஆகும் நொடியில் பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டுமே 70 டிகிரிக்குள் இருந்தால் மட்டும் எஸ்.எம்.பி.எஸ்-ஐச் சந்தேகியுங்கள். நல்ல நிலையில் உள்ள வேறொன்றை மாட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. பழையதைப் பிரித்துப் பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் (மின்சாரத்தைச் சேமிக்கும் பாகங்கள்) ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கும்.