ஆம்னி ப்ளோரில் துரு: கருப்புக் கோட்டிங் அடித்தால் போதுமா?

கேள்வி: நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர், மன்னார்குடி பக்கம் மீன் ஏற்றிப்போக 2012 மாடல் மாருதி ஆம்னி கார்கோ வைத்திருக்கிறேன். மஞ்சள் போர்டு. பின்பக்க ப்ளோரில் திட்டுத்திட்டாகத் துரு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு இடத்தில் ரோடே தெரிகிறது. ஒரு பட்டறையில் முழு ப்ளோரையும் மாற்றச் சொல்கிறார்கள். எப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்) வாங்கித்தரும் புரோக்கரோ, "அடியில் கருப்புக் கோட்டிங், மேலே அலுமினியத் தகடு. எப்.சி.க்கு நான் பொறுப்பு" என்கிறார். எதைச் செய்வது?

பதில்: இரண்டும் வேண்டாம். இரண்டு பொத்தலுக்கு முழு ப்ளோரை மாற்றுவது வீண் செலவு. புரோக்கர் சொல்வது அதைவிட மோசம், அதனால் அதை முதலில் பார்ப்போம்.

தார் போன்ற அந்தக் கோட்டிங் நல்ல தகட்டின் மேல் அடித்தால் நல்ல பொருள்தான். துருவின் மேல் அடித்தால், உள்ளே இருக்கும் உப்பையும் ஈரத்தையும் மூடி போட்டு வைக்கிறது. வெளியே பளபளப்பு, உள்ளே அரிப்பு. அப்படிக் கோட்டிங் அடித்த ஒரு வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது. அடியில் படுத்துச் சுரண்டினேன். கோட்டிங் தோசை மாதிரி முழுசாக உரிந்து வந்தது, கூடவே ப்ளோரும் ஒட்டிக்கொண்டு வந்தது.

அலுமினியத் தகடும் அப்படித்தான். அதை நிறுத்தி வைக்க ஸ்க்ரூ அடிப்பார்கள். இருக்கிற இரண்டு பொத்தல் போதாதென்று புதிதாக இருபது. ஐஸ் உருகிய மீன் தண்ணீர் இரண்டு தகட்டுக்கும் நடுவில் போய் உட்காரும். வெயில் அங்கே எட்டாது. அலுமினியமும் இரும்பும் உப்புத் தண்ணீரில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும், அடியில் இரும்பு யாருக்கும் தெரியாமல் இத்துப்போகும்.

"எப்.சி. பாஸாகிவிடுமே" என்பீர்கள். ஆகலாம். ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் கொஞ்சம் கிழிந்திருந்தால் திருப்பி அனுப்புகிறார்கள். மேட் விரிப்பைத் தூக்கி ப்ளோரை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்த ஒருவரை இத்தனை வருடத்தில் நான் கண்டதில்லை. அந்த ஓட்டையில்தான் புரோக்கர் பிழைப்பு ஓடுகிறது. ஆம்னிக்கு லாரி மாதிரி தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. ப்ளோரும் பாடியும் சேர்ந்துதான் சேசிஸ். ப்ளோர் இத்தால் வண்டியே இத்த மாதிரி.

சரி, செய்ய வேண்டியது. பெட்டி, மேட், அடியில் ஒட்டிய ஃபோம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நல்ல தண்ணீரில் கழுவி இரண்டு நாள் வெயிலில் நிறுத்துங்கள். பிறகு சுத்தியலின் மரக்கைப்பிடியால் ப்ளோரை நெடுகத் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்' என்னும். இத்த தகடு 'டப்' என்று அடங்கிப்போகும். சந்தேகப்படும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்த இடத்தை வெட்ட வேண்டும். இறங்காவிட்டால் மேல் துருதான். சாக்பீஸால் வட்டம் போட்டு, அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனால் பேரம் வேறு மாதிரி நடக்கும்.

மேல் துருவுக்கு பவர் பிரஷ் (மெஷினில் சுழலும் கம்பி பிரஷ்), அப்புறம் எமரி பேப்பர். தகடு வெள்ளையாகத் தெரிய வேண்டும். குழிகளில் மிஞ்சும் துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கி போதும். டப்பாவில் சொன்ன நேரம் விட்டுக் கழுவி, நன்றாகக் காய வைத்து, எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். வெறும் ரெட் ஆக்சைடோடு நிறுத்திவிடாதீர்கள், அதன் வழியாக ஈரம் இறங்கும். மேலே பெயின்ட் கட்டாயம். கடல் காற்று ஈரத்தோடு வீசும் சாயங்காலத்தில் பிரைமர் அடிக்க விடாதீர்கள்.

பொத்தலுக்கு வெல்டிங்தான். எம்-சீல், ஃபைபர், பட்டி எதுவும் ப்ளோரில் நிற்காது. இத்த பாகத்தை, சுற்றிலும் நல்ல தகடு வரும்வரை வெட்டி எறிந்துவிட்டு, 20 கேஜ் தகட்டில் பேட்ச் வைக்க வேண்டும். பல பட்டறைகளில் பழையதை வெட்டாமல் அதன் மேலேயே புதுத் தகட்டை வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். துரு நடுவில் நிம்மதியாக இருக்கும். கேஸ் வெல்டிங் வேண்டாம், மெல்லிய தகடு சூட்டில் நெளியும், சுற்றிலும் கம்பெனி பெயின்ட் கருகும். சி.ஓ.டூ வெல்டிங் உள்ள பட்டறையாகப் பாருங்கள். புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசியது) போட்டால் வெல்டு வரும் ஓரத்தில் பூச்சைத் தேய்த்துவிட வேண்டும். அந்தப் பூச்சு எரியும் புகை பற்றவைக்கிறவருக்குக் காய்ச்சல் கொண்டுவரும்.

பற்றவைக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றியாக வேண்டும். பெட்ரோல் டேங்க், கேஸ் கிட் இருந்தால் அதன் சிலிண்டர், இரண்டையும் இறக்காமல் அருகில் வெல்டிங் டார்ச் கொண்டுபோக விடவே விடாதீர்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கு. இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தில் துரு இருந்தால் அதை டிங்கரிடம் (தகடு வேலை செய்பவரிடம்) விட்டுவிடாதீர்கள். ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு, வேலை தொடங்கும் முன்பே அந்த நம்பர் எங்கே இருக்கிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள். மேலே டேப் ஒட்டி பென்சிலால் தேய்த்து ஒரு பிரிண்ட் எடுங்கள், போட்டோவும் எடுங்கள். பிறகு அதைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு கிரைண்டரோ பவர் பிரஷ்ஷோ போகக் கூடாது என்று சொல்லி, மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். நம்பரில் ஓர் எழுத்து அழிந்தாலும் அது திருட்டு வண்டியோ என்ற கேள்வி வரும். ஆபீஸ் ஆபீஸாக அலைவது நீங்கள், டிங்கர் இல்லை. துரு அந்த நம்பரையே தின்ன ஆரம்பித்திருந்தால், தொடுவதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக்கொடுத்து, அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்வதை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்.

வெல்டு முடிந்ததும் பேட்ச் ஓரமெல்லாம் மேலும் கீழும் சீலர் போட வேண்டும். அது போடும் முன் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். வெல்டு இடைவெளியைச் சீலர் மூடிவிட்டால் அப்புறம் பார்க்க முடியாது. அடியில் பிரைமர் காய்ந்த பிறகு அதே கருப்புக் கோட்டிங்கைத் தாராளமாக அடிக்கலாம், இப்போது அது மூடுவது நல்ல தகட்டை. தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் அடைக்க விடாதீர்கள். பாடியின் பக்கவாட்டில் பெட்டி மாதிரி மூடிய தகட்டுப் பகுதிகளின் உள்ளே மெழுகு ஸ்ப்ரே அடிக்கச் சொல்லுங்கள், பிரஷ் அங்கே போகாது.

மீன் பெட்டிகளுக்கு அடியில் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டிரே போட்டுவிடுங்கள். தினமும் வண்டியைக் கழுவுவீர்கள், தெரியும். எந்தத் தண்ணீரில் என்று பாருங்கள். உங்கள் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. கடைசி இரண்டு வாளியாவது குடிதண்ணீராக இருக்கட்டும்.