சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். எனக்கு 46 வயது, அங்கன்வாடியில் வேலை. அவருக்கு 53, தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர். கல்யாணமாகி 23 வருஷம். பையன் கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். இரண்டு வருஷமாகத் தனித்தனி அறையில் படுக்கிறோம். நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்குத் தூக்கம் கெடக்கூடாது என்று ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது. சண்டை இல்லை. ஆனால் அண்ணன் தங்கச்சி மாதிரி இருக்கிறோம். கவுன்சிலிங் போகலாமா என்று கேட்டேன். ‘இந்த வயசுல இதுக்கெல்லாம் போய் நிக்கணுமா’ என்கிறார். அங்கே என்னதான் செய்வார்கள்? ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? பலன் உண்டா?

பதில்: ‘ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்களே, முக்கால்வாசி வீடுகளில் நடப்பது அதுதான். யாரும் முடிவெடுத்துத் தள்ளிப் படுப்பதில்லை. மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, பிள்ளைக்குப் பரீட்சை, இவருக்குக் குறட்டை, அவளுக்கு இடுப்பு வலி. காரணம் தீர்ந்துபோன பிறகும், தலையணையைத் தூக்கிக்கொண்டு முதலில் திரும்பி வருவது யார் என்பது தீருவதில்லை. வந்தால் ‘எதுக்கு வந்தே?’ என்று மற்றவர் கேட்காமலே ஒரு கேள்வி எழுந்துவிடும்.

அந்தக் கேள்விதான் உங்கள் வீட்டின் பிரச்சினை என்று நினைக்கிறேன். ஆசை வற்றிவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். என் அனுபவம் வேறு. பல வருஷம் ஆன தம்பதிகளிடம் ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்தாலே அதற்கு ஓர் அர்த்தம் வந்துவிடுகிறது. ‘இன்னைக்கு வேணுமா?’ என்று கேட்டதாக ஆகிவிடுகிறது. இல்லை என்று சொல்ல மனைவிக்குச் சங்கடம். இல்லை என்று கேட்க கணவனுக்கு அவமானம். அதனால் தோளில் கை வைப்பதே நின்றுபோகிறது. பிறகு டம்ளரைக் கையில் கொடுப்பது நின்று, மேஜையில் வைத்துவிட்டுப் போவது பழக்கமாகிறது. கவுன்சிலிங்கில் நாங்கள் செய்வதில் பாதி, தொடுதலை அந்தக் கேள்வியிலிருந்து பிரித்து எடுப்பதுதான்.

சில வருஷம் முன்பு என்னிடம் வந்த ஒரு ஜோடி நினைவுக்கு வருகிறார்கள் (அடையாளத்தை மாற்றியே சொல்கிறேன்). என் அறையில் மூன்று நாற்காலி போட்டிருப்பேன், அவர்கள் எப்படி உட்காருகிறார்கள் என்று பார்க்க. இரண்டு பேரும் ஓரங்களில் உட்கார்ந்து, நடு நாற்காலியில் ஈரக் குடையையும் அவருடைய குரங்குக் குல்லாவையும் வைத்தார்கள். ராத்திரி படுக்கப் போகும்போது என்ன நடக்கும் என்று கேட்டேன். ‘நான் ரெண்டு ஹாட் வாட்டர் பேக்ல தண்ணி ஊத்துவேன். ஒண்ணு அவருக்கு, ஒண்ணு எனக்கு’ என்றார் அந்த அம்மா. கணவர் உடனே, ‘எனக்கு எப்பவும் மூடியை ரெண்டு தடவை திருகிப் பார்த்துட்டுத்தான் குடுப்பா. ஒருதரம் கசிஞ்சு முதுகு வெந்துபோச்சு’ என்றார். ‘இதெல்லாம் நீங்க கவனிக்கிறீங்களா?’ என்று அந்த அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு நான் செய்த வேலை அவ்வளவுதான். கேள்வி கேட்டேன், பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் கவுன்சிலரிடம் வருவதற்கு முன்பு, அல்லது வரும் அதே வாரத்தில், இருவரும் டாக்டரைப் பாருங்கள். இதை நான் பிடிவாதமாகவே சொல்வேன். உடம்பில் இருக்கும் காரணத்தை மனதில் தேடி வருஷங்களை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. அதற்குச் சில வருஷம் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் குறைந்து, பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல், உறவின்போது வலி வரலாம். வலிக்கும் இடத்துக்கு மனசு மறுபடி போகாது. இதை ‘பிடிக்கவில்லை’ என்று கணவரும் எடுத்துக்கொள்கிறார், சில நேரம் மனைவியே எடுத்துக்கொள்கிறார். மகப்பேறு டாக்டரிடம் கூச்சப்படாமல் ‘வலிக்குது’ என்ற ஒரே சொல்லைச் சொல்லுங்கள். தண்ணீர் சேர்ந்த வழவழப்பு ஜெல், தேவைப்பட்டால் அந்த இடத்தில் மட்டும் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் என்று வழி இருக்கிறது. தேங்காய் எண்ணெய் சிலர் பயன்படுத்துகிறார்கள். ஆணுறை போட்டிருந்தால் மட்டும் வேண்டாம், எண்ணெய் பட்டால் ரப்பர் கிழியும்.

அவருக்குச் சர்க்கரை, பிரஷர் பார்த்து எவ்வளவு நாள் ஆகிறது? 53 வயது, ராத்திரி வேலை, கெட்டுப்போன தூக்கம். விறைப்பு சரியாக வராமல் போவது பல ஆண்களுக்குச் சர்க்கரையின் முதல் அடையாளம். அந்த உறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை. அதனால் அடைப்பு அங்கே முதலில் தெரியும், நெஞ்சில் சில வருஷம் கழித்துத்தான் தெரியும். ஆகவே இது வெட்கப்படும் விஷயம் அல்ல, ஈசிஜி எடுக்கச் சொல்லும் விஷயம். சில பிரஷர் மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும் ஆசையையோ விறைப்பையோ குறைக்கும். தானாக நிறுத்தக்கூடாது, டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். ஒரு எச்சரிக்கை: விறைப்புக்காக 1998-இல் வந்த சில்டெனாபில் நல்ல மருந்துதான், ஆனால் நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மெடிக்கலில் சும்மா கேட்டு வாங்குகிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். மாதம் ஒரு தேதியில் லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்கிறவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பணம் போனால்கூடப் பரவாயில்லை, அவர்கள் பயமுறுத்தியதில் பாதி ஆண்மை போய்விடுகிறது.

சரி, உள்ளே என்ன நடக்கும்? முதல் அமர்வில் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவோம். பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரு முறை, மறுபடி சேர்த்து. தனியாகச் சொன்னதை மற்றவரிடம் சொல்வீர்களா மாட்டீர்களா என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் ஒரு முறை வைத்திருப்பார்கள். ஒரு அமர்வு ஏறக்குறைய ஒரு மணி நேரம். எட்டிலிருந்து இருபது அமர்வு வரை ஆகலாம். யார் சரி, யார் தப்பு என்ற தீர்ப்பு கிடைக்காது. பஞ்சாயத்து வேண்டுமென்றால் அதற்கு ஊரில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

ஆண்கள் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1992-இல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்ததிலிருந்து, ‘கவுன்சிலிங்’ என்றாலே ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்து அறிவுரை சொல்வதுதான் பலருக்கு நினைவு வரும். இல்லையென்றால் விவாகரத்துக்குப் போகும்போது குடும்ப நீதிமன்றத்தில் அனுப்பிவைப்பது. இரண்டுமே உறவு முறியும் இடத்தில் நடப்பவை. உங்கள் கணவர் ‘போய் நிக்கணுமா’ என்று கேட்டிருக்கிறார், கவனித்தீர்களா? குற்றவாளிதான் போய் நிற்பான். ‘நிக்க வேண்டாம், உட்கார்ந்து பேசலாம்’ என்று சொல்லிப் பாருங்கள்.

முதல் சில வாரம் படுக்கையறைப் பக்கமே போகமாட்டோம். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர், புதுமணத் தம்பதிகள் சாதாரணமாகப் பேசிக்கொள்வதைப் படம் பிடித்துவைத்து, ஆறு வருஷம் கழித்து அவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தார். ஒருவர் ஏதாவது சொன்னால் மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா என்பதை எண்ணினார். சேர்ந்தே இருந்தவர்கள் நூற்றுக்கு 86 முறை திரும்பியிருந்தார்கள், பிரிந்துபோனவர்கள் 33 முறை. உங்கள் வீட்டுக் கணக்கில் சொன்னால், அவர் ஷிஃப்ட் முடிந்து வந்து ஷூவைக் கழற்றியபடி ‘இன்னைக்கு வந்த கொழுந்தெல்லாம் ஒரே முத்தல்’ என்கிறார். உங்களுக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அது தேயிலைச் செய்தி இல்லை, உங்களைக் கூப்பிடும் கூப்பாடு. ‘அப்புறம் எப்படி ஓட்டினீங்க?’ என்ற பதில் போதும். அங்கன்வாடியில் முட்டை எண்ணிக்கை குறைந்ததை நீங்கள் சொல்லும்போது அவர் போனைக் கீழே வைத்தால் போதும்.

அதற்குப் பிறகுதான் வீட்டுப்பாடம். வில்லியம் மாஸ்டர்ஸ், விர்ஜீனியா ஜான்சன் என்ற இருவர் 1970-இல் வெளியிட்ட முறை அது. இன்றும் கொஞ்சம் மாற்றி எல்லோரும் பயன்படுத்துகிறோம். கேட்டால் சிரிப்பீர்கள்: முதல் விதி, உடலுறவு கூடாது. குறிப்பிட்ட வாரங்களுக்கு முழுத் தடை. வாரம் இரண்டு மூன்று நாள், இருபது நிமிஷம், ஒருவர் தொட வேண்டும், ஒருவர் வாங்கிக்கொள்ள வேண்டும், பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். கை, முதுகு, தலை, பாதம். மார்பும் பிறப்புறுப்பும் முதல் கட்டத்தில் கிடையாது. மற்றவரை மகிழ்விக்கத் தொட வேண்டாம். தோல் சூடா குளிரா, சொரசொரப்பா மென்மையா என்று மட்டும் கவனித்தால் போதும். எதுவும் நடந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் போனதும், இருபது வருஷம் இறுக்கிப் பிடித்திருந்த தோள் தளர்வதைப் பார்க்கலாம். தடையை மீறிவிட்டோம் என்று தலையைக் குனிந்துகொண்டு வந்து சொல்கிறவர்களும் உண்டு. நான் திட்டுவதில்லை.

ஆசை வந்த பிறகு நெருங்க வேண்டும் என்பது சின்ன வயசுக் கணக்கு. ரோஸ்மேரி பாசன் என்ற கனடா டாக்டர் 2000-இல் இதை விளக்கி எழுதினார்: நீண்ட நாள் உறவில் பல பெண்களுக்கு நெருக்கம் முதலில் வருகிறது, ஆசை அதன் பின்னால் வருகிறது. ஆகவே ‘எனக்கு அந்த நினைப்பே வர்றதில்ல’ என்பது நோய் அல்ல. மனசுக்குச் சம்மதம் இருந்தால் போதும். சம்மதம் இல்லாத நாளில் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதே அளவுக்கு முக்கியம்.

மலையில் ஒரு கூடுதல் தொல்லை, குளிர். குறிஞ்சிக்குப் புணர்தல் என்று வகுத்தவர்கள் டிசம்பரில் இரண்டு ஸ்வெட்டர், சாக்ஸ், கம்பளியோடு படுத்துப் பார்த்தார்களா தெரியவில்லை. பயிற்சிக்கு ஒரே ரஜாய்க்குள் இருங்கள். விடுமுறை நாளில் வெயில் அடிக்கும் பகல் பதினோரு மணி ராத்திரியைவிட நல்ல நேரம். அறையைச் சூடாக்கக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

ஊருக்குத் தெரியுமா என்ற பயம் நியாயமானது. கோத்தகிரியில் நீங்கள் எந்தப் படியேறினாலும் யாராவது பார்ப்பார்கள். சட்டப்படி 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுகிறவரின் ரகசியத்துக்கு உரிமை தருகிறது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைச் சட்டம் கட்டாது. கோவைக்குப் போங்கள். பையன் அங்கே இருக்கிறான், ‘பையனைப் பார்க்கப் போறோம்’ என்றால் பொய்யும் இல்லை. மேட்டுப்பாளையம் இறங்கும் வரை பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவது தனிச் சிகிச்சை. முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசுவது ஆண்களுக்கு எளிது. ஆன்லைனிலும் செய்யலாம், கதவைச் சாத்திக்கொள்ளும் அறையும் நிலையான சிக்னலும் இருந்தால். தொடங்கத் தெரியவில்லை என்றால் 2022 முதல் அரசு நடத்தும் டெலி மனாஸ் என்ற மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது படிப்பைக் கேளுங்கள். கவுன்சிலர் என்று பலகை மாட்டியவர் எல்லோரும் பயிற்சி பெற்றவர் அல்ல. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவான மருத்துவ உளவியலாளரா, மனநல மருத்துவரா, தம்பதிகளோடு வேலை செய்த அனுபவம் உண்டா, கட்டணம் எவ்வளவு என்று போனிலேயே கேட்கலாம், தப்பில்லை.

பலன் உண்டா? இருவரும் வந்தால், இன்னும் ஒருவர் மேல் ஒருவருக்கு அக்கறை மிச்சம் இருந்தால், பெரும்பாலும் உண்டு. அடியும் பயமும் உள்ள வீட்டுக்கு இது மருந்தல்ல. அங்கே இருவரையும் சேர்த்து உட்காரவைப்பதே பெண்ணுக்கு ஆபத்து, 181 என்ற மகளிர் உதவி எண்தான் முதல் படி. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

அவர் கடைசி வரை வரமாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் போங்கள். ஒருவர் மாறினாலே மற்றவரின் அடவு மாறும். கூப்பிடும்போது ‘நமக்குள்ள பிரச்சினை’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘எனக்கு உங்ககிட்ட எப்படிப் பேசுறதுன்னு மறந்துபோச்சுங்க, கத்துக்கலாம்னு இருக்கேன், கூட வாங்க’ என்பது உண்மையும்கூட. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த காலையில் கேட்காதீர்கள். ஏப்ரல், மே மாதத்தில் தேதி வாங்காதீர்கள்: ஃபேக்டரியில் கொழுந்து குவியும், அவருக்கு லீவு கிடைக்காது. சுற்றுலா சீசனில் ஊட்டியிலிருந்து இறங்குகிற வண்டி எல்லாம் கோத்தகிரி ரோட்டில்தான் வரும், சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரமாட்டீர்கள்.