எறிந்தால் முளைக்குமா?

கேள்வி: வெளிநாடுகளில் 'கெரில்லா தோட்டம்' என்று, யாருக்கும் தெரியாமல் வெறுங்காணிகளில் விதைப்பந்து எறிகிறார்களாம். கிளிநொச்சியில் நாங்களும் இரவில் எறிந்தால் என்ன?
– வாசகர், பரந்தன்

பதில்: 'எறிந்தால்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. நெல்லைக்கூட வீசிவிட்டு வீட்டுக்குப் போகிறோமா? உழுத வயலில் வீசி, திரும்பவும் உழுது மூடுகிறோம். மூடாத விதை புறாவுக்கும் எறும்புக்கும்தான்.

1973இல் நியூயோர்க்கில் இதைத் தொடங்கிய லிஸ் கிறிஸ்டியும் தோழர்களும் வேலிக்கு மேலால் விதை எறிந்தது உண்மை. ஆனால் அவர்களின் தோட்டம் நிலைத்தது குப்பை அள்ளி, நல்ல மண் கொட்டியதால். அடுத்த வருடமே மாதம் 1 டொலர் வாடகைக்கு அந்தக் காணியை நகர நிர்வாகத்திடம் கேட்டு வாங்கினார்கள்.

வேப்பங்கொட்டை ஆடியை ஒட்டி விழும். சில கிழமைகளிலேயே முளைப்புத்திறன் குறையத் தொடங்கும். களிமண்ணில் உருட்டி ஐப்பசி மழை வரும்வரை சாக்கில் வைத்திருந்தால், பெரும்பாலும் வெறும் மண்ணுருண்டையைத்தான் எறிவீர்கள். யூன் 5 மரநடுகை விழாக்களும் இதே பிழைதான். முன்பும் எழுதினேன், இனியும் எழுதுவேன்: சோளகம் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும்போது நட்ட கன்று, தண்ணீர் ஊற்ற ஆளில்லாவிட்டால் ஆவணியைக் காணாது. வடமாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக்கியதே சரி.

வன்னியில் பற்றை மூடிய காணிக்கும் உரிமையாளர் இருப்பார். மண்ணுக்குள் மிதிவெடியும் இருக்கலாம். துப்புரவாக்கப்பட்டது என்று உறுதியாகத் தெரியாத நிலத்தில் பகலிலும் கால்வைக்க வேண்டாம்.

உங்கள் ஒழுங்கை முகப்பு, சந்தை மதில், பஸ் தரிப்பிடம் போதும். பிரதேச சபையில் கேட்டுவிட்டு, மாரி தொடங்கப் பூவரசங் கதியால், அதாவது நட்டால் வேர்விட்டுத் துளிர்க்கும் தடி, நடுங்கள். மணிக்கட்டுத் தடிப்பு, ஏழடி நீளம். அடியைச் சரிவாக வெட்டி, நுனிக்குச் சாணம் அப்புங்கள். அலவாங்கால் ஒன்றரை அடி குழிபோட்டு இறக்கி, மண்ணை இறுக மிதியுங்கள். அடித்து இறக்கினால் பட்டை பிளந்து அழுகும். மின்கம்பிக்குக் கீழே வேண்டாம், வருடாவருடம் தறிப்பார்கள்.

ஏழடி எதற்கு? கட்டாக்காலி மாட்டுக்கு நுனிக் கொழுந்து எட்டக்கூடாது. தடியைச் சுற்றி முட்கிளையும் கட்டுங்கள். மாடு உரஞ்சினால் கதியால் ஆடும். ஆடினால் புதுவேர் அறும். துளிர்த்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். முதல் இலை தடியில் இருக்கும் சத்திலேயே வரும், வேர் பிடிக்க முன்னரே. வேர் விட்டதா என்று இழுத்துப் பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.