அம்பாசிடர் மூக்கும் ஆத்தங்குடித் தரையும்: மாடல் கார் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை காரைக்குடி வட்டாரத்திலிருந்து. ஆச்சரியமில்லை. ஷெட்டில் உறை போட்ட பழைய வண்டி நிற்கிற வீடுகள் அந்தப் பக்கம் இன்னும் உண்டு. அதைத் துடைத்துத் துடைத்து வளர்ந்தவர்களுக்குக் கார்ப் பித்து பிடிக்காமல் வேறென்ன பிடிக்கும்? ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

எங்கள் ஐயா வைத்திருந்த அம்பாசிடரை 1/24 அளவில் செய்ய ஆசை. கிட் எங்கே கிடைக்கும்? (காரைக்குடி)

கிட், அதாவது பாகங்களை நாமே ஒட்டிச் சேர்க்கும் பெட்டி, தயாரிக்கும் ஜப்பானின் டாமியா, அமெரிக்காவின் ஏ.எம்.டி. ஆகிய கம்பெனிகளின் பட்டியலைப் புரட்டினால் போர்ஷேயும் மஸ்டாங்கும் வரிசை கட்டி வரும். நம் அம்பாசிடர் வராது. அமெரிக்காவில் ஏ.எம்.சி. என்ற கம்பெனியும் அம்பாசிடர் என்றொரு கார் விற்றது. இணையத்தில் தேடும்போது அது வந்து குழப்பும், ஏமாந்துவிடாதீர்கள்.

பின்னால் இழுத்து விட்டால் ஓடுகிற பிளாஸ்டிக் அம்பாசிடர் பொம்மைக் கடைகளில் கிடைக்கிறதே, அதை வாங்குங்கள். வாங்கியதும் ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். நிஜ வண்டியின் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர். 1/24 என்றால் 18 செ.மீ. வர வேண்டும். பொம்மை 12 செ.மீ. தான் என்றால் அது 1/36. அதற்கு 1/24 சக்கரம் வாங்கிப் போட்டால் டிராக்டர் மாதிரி நிற்கும்.

அடுத்தது, எந்த வருஷத்து வண்டி? பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 காரை வைத்து உருவான இந்த வண்டி உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. அத்தனை வருஷத்தில் முகம் பலமுறை மாறியிருக்கிறது. மார்க் 2-வின் கிரில்லும் மார்க் 4-இன் கிரில்லும் ஒன்றல்ல. வீட்டில் பழைய கல்யாண ஆல்பம் இருந்தால் எடுங்கள். மாப்பிள்ளை அழைப்புப் படத்தில் மாலை போட்ட கார் கட்டாயம் நிற்கும். கிரில், பம்பர், கண்ணாடி, எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம். நம்பர் பிளேட்டையும் அதிலேயே பாருங்கள். அந்தக் காலத்துச் சொந்த வண்டிக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, தொடக்கத்தில் மூன்று ஆங்கில எழுத்து. 1965 வண்டிக்கு டிஎன்-63 போட்டு வைத்தால், விவரம் தெரிந்தவர் முதலில் சிரிப்பது அதைப் பார்த்துத்தான்.

பொம்மையில் ஹெட்லைட் வெறும் வெள்ளிப் பூச்சாக இருக்கும். அதைத் துளைத்தெடுத்து, உள்ளே பளபளப்பான ஃபாயில் ஒட்டி, மேலே எபாக்ஸி ஒரு சொட்டு விடுங்கள். தானாகக் குமிழ்ந்து லென்ஸ் ஆகிவிடும். கதவு இடுக்குகளைப் பெயின்டுக்கு முன்பே கத்தி முனையின் பின்புறத்தால் கீறி ஆழமாக்குங்கள். பெயின்ட் போய் அடைத்த பிறகு கீற முடியாது.

ஜன்னலோர குரோம் பட்டைக்குப் பெயின்ட் வேண்டாம், மெல்லிய பசை ஃபாயில்தான். தேவைக்குக் கொஞ்சம் அகலமாக வெட்டி ஒட்டி, பல் குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் தேயுங்கள். அடியில் இருக்கும் பட்டையின் வரம்பு மேலே எழும்பித் தெரியும். அந்த வரம்பை ஒட்டிப் புது பிளேடை ஒரே இழுப்பாக இழுத்து, மிச்சத்தை உரித்தெடுங்கள். பழைய பிளேடு ஃபாயிலைக் கிழிக்கும். பிளேடில் கஞ்சத்தனம் கூடாது.

நிறம் வெள்ளை என்றால் சுத்த வெள்ளை அடிக்காதீர்கள், பொம்மை பொம்மையாகவே இருக்கும். ஒரு சொட்டு கிரீமோ சாம்பலோ கலந்தால்தான் கார் ஆகும்.

சித்திரையில் ஸ்ப்ரே அடித்தால் பாடி சொரசொரவென்று வருகிறது. ஐப்பசியில் அடித்தால் பால் படிந்த மாதிரி வெளுக்கிறது. பெயின்ட் மட்டமா? (புதுவயல்)

பெயின்ட் மேல் பழி போடாதீர்கள். இவை இரண்டும் வேறு வேறு வியாதி.

வெயில் காலத்தில் துளிகள் பாடியில் விழுந்து பரவுவதற்குள் காற்றிலேயே பாதி காய்ந்துவிடுகின்றன. அதுதான் சொரசொரப்பு. விடியற்காலையில் அடியுங்கள், டப்பாவைக் கொஞ்சம் கிட்டே பிடியுங்கள். காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் ஏர்பிரஷ் என்றால் மெதுவாகக் காயவைக்கும் ரிடார்டர் கலந்த தின்னர் வாங்குங்கள்.

மழைக் காலத்து வெளுப்பு, சீக்கிரம் காயும் லாக்கர் பெயின்டில் வருவது. தின்னர் சட்டென்று ஆவியாகும்போது பாடியின் மேற்பரப்பு குளிர்ந்துபோகும்; காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்து பெயின்டுக்குள் சிக்கிக்கொள்ளும். லேசான வெளுப்பென்றால், வறண்ட நாளாகப் பார்த்து ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் பனி மாதிரி ஒரு தடவை தூவுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று வளவு முற்றத்தில் உட்கார்ந்து அடிப்பவர்கள் ஆடி மாதத்தில் அங்கே போகாமலிருப்பது நல்லது. ஜன்னல் உள்ள சின்ன அறை போதும். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அமர்த்திவிட்டு அடியுங்கள், அடித்த கையோடு மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்துவிடுங்கள்.

பளபளப்பு வேண்டுமென்று ஒரே கோட்டாகக் கொட்டுவதுதான் பெரிய தப்பு. உங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். அடுத்தடுத்த பூச்சு மெல்லிசாகி, கடைசியில் கல்லால் தேய்த்துத் தேய்த்து வந்த வழவழப்பு அது. காருக்கும் அதே வேலைதான்: மூன்று நான்கு மெல்லிய கோட், நன்றாகக் காய்ந்தபின் 2000 நம்பர் தாளால் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பு, பிறகு மெருகேற்றும் பசையான காம்பவுண்டு. 0.1 மி.மீ. பெயின்ட் ஏறினாலே 1/24-இல் அது 2.4 மி.மீ. கனத்துக்குச் சமம். நிஜக் காரில் அவ்வளவு கனமாக யார் பெயின்ட் அடிப்பார்கள்?

பைக்குக்கு அடிக்கும் டச்-அப் ஸ்ப்ரேயை மாடலுக்கு அடிக்கலாமா? (பள்ளத்தூர்)

அடிக்கலாம், நேரடியாக அல்ல. கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். வண்டிப் பெயின்டின் தின்னர் அதைத் தின்றுவிடும். முதலில் மாடலுக்கான பிரைமர், அதன்மேல் மெல்லிய தூவல்கள். கிட்டிலிருந்து வெட்டி எறியும் பிளாஸ்டிக் கம்பியில் சோதித்துவிட்டுப் பாடிக்குப் போங்கள். லாக்கர் மேல், மெதுவாகக் காயும் எனாமல் அடிக்கலாம், எனாமல் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கும். ஒர்க்‌ஷாப் நண்பர் 2கே கிளியர் (ஹார்டனர் கலந்து நிஜக் காருக்கு அடிக்கும் நிறமற்ற மேல்பூச்சு) கொடுத்தால் கும்பிடு போட்டுத் திருப்பிக் கொடுங்கள். அதன் ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது, மூக்கில் துணி கட்டிக்கொண்டு அடிக்கிற சமாச்சாரம் அல்ல.

எங்கள் ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்த டிங்கி கார்கள் (உலோகத்தில் வார்த்த பிரிட்டிஷ் பொம்மைக் கார்கள்) நாலைந்து தகரப் பெட்டியில் கிடைத்தன. பெயின்ட் உரிந்திருக்கிறது. புதுப் பெயின்ட் அடித்துப் பேரனுக்குக் கொடுக்கலாமா? (தேவகோட்டை)

ஆச்சி, இரண்டையும் செய்யாதீர்கள்!

அந்தக் காலத்துப் பொம்மைப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. வாயில் வைக்கிற வயதுப் பிள்ளையிடம் கொடுக்கவே கூடாது. பேரனுக்குப் புதுக் கார் வாங்கிக் கொடுங்கள், அவனுக்கும் அதுதான் பிடிக்கும்.

புதுப் பெயின்ட் அடித்தால் மதிப்பு போய்விடும். சேகரிப்பவர்கள் உரிந்த பெயின்டோடுதான் தேடுகிறார்கள். அட்டைப் பெட்டியும் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.

பாடியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மயிரிழை மாதிரி விரிசல், உப்பல், வளைவு இருந்தால் அது துத்தநாகக் கலவையில் வரும் நோய். வார்க்கும்போது ஈயம் போன்ற கலப்படம் சேர்ந்ததால், உலோகம் உள்ளிருந்தே அரித்துப் பொடிந்துபோகும். உலகப் போருக்கு முந்தைய டிங்கிகளில் இது சகஜம். மருந்து கிடையாது. பக்கத்துக் காருக்குத் தொற்றாது, ஆனால் ஈரமும் சூடும் இதைத் துரிதப்படுத்தும். தகரப் பெட்டியிலிருந்து எடுத்து, வெயில் படாத உலர்ந்த கண்ணாடி அலமாரியில் வையுங்கள். உலர்ந்த மெல்லிய பிரஷால் தூசி தட்டினால் போதும். சோப்புத் தண்ணீர், எண்ணெய் எதுவும் வேண்டாம்.

ஃபெவிக்விக் போட்டு ஒட்டிய கண்ணாடியில் வெள்ளைப் படலம். (கோட்டையூர்)

அந்தப் பசையின் ஆவி படிந்த கறை. காம்பவுண்டால் மெதுவாகத் தேய்த்தால் கொஞ்சம் போகும். இனிமேல் கண்ணாடிக்கு ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசைதான்.

சிக்ரி பக்கத்திலேயே குடியிருக்கிறோம். கிட்டின் பம்பருக்கு நிஜ குரோம் முலாம் பூச முடியாதா? (காரைக்குடி)

மின்வேதியியல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனம் உள்ள ஊரில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் அதிசயம். பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயாது. முதலில் ரசாயனத்தால் அரித்து, மின்சாரம் இல்லாமலே ஓர் உலோகப் படலம் ஏற்றி, அப்புறம்தான் முலாம். அதற்குப் பயன்படும் குரோமிக் அமிலம் கடும் விஷம். வீட்டு வேலை இல்லை இது.

தவிர, கிட்டில் வரும் ‘குரோம்’ குரோமே அல்ல, வெற்றிடத்தில் ஆவியாகப் படியவைத்த அலுமினியம். கண்ணைப் பறிக்கிற அந்த மினுமினுப்பு பொம்மைத்தனம் என்பது என் கட்சி. பிளீச்சிங் திரவத்தில் ஊறப்போட்டால் அலுமினியம் கழன்றுவிடும். கையுறை போடுங்கள், பாத்ரூம் கழுவும் ஆசிட் அதோடு சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பிறகு பளபளப்பான கறுப்பு அடித்து, காய்ந்ததும் அதன்மேல் குரோம் பெயின்டை மிக மெல்லிசாகத் தூவுங்கள்.

வீட்டு முகப்பில் கார் நிற்கிற மாதிரி காட்சி அமைக்கிறேன். ஆத்தங்குடிக் கல், பர்மா தேக்குத் தூண், செம்மண் எல்லாம் அசலாகவே வைக்கலாமா? (கானாடுகாத்தான்)

அசலை வைத்தால் போலியாகத் தெரியும். இந்தப் பொழுதுபோக்கின் வேடிக்கையே அதுதான்.

தேக்கின் ரேகை சுருங்காது. தூண் 12 செ.மீ. ஆகிவிடும், ரேகை மட்டும் நிஜ அளவிலேயே நிற்கும். ரேகை தெரியாத மரக்குச்சியையோ பிளாஸ்டிக் குழாயையோ எடுத்து, பழுப்பு அடித்து, உலர்ந்த பிரஷால் கறுப்பை லேசாக இழுத்துவிடுங்கள்.

ஆத்தங்குடிக் கல் எட்டங்குலம் என்று வைத்தால் 1/24-இல் சுமார் 8.5 மி.மீ. உங்கள் வீட்டுத் தரையை நேர் மேலிருந்து படம் பிடித்து, அந்த அளவுக்குச் சுருக்கி, பளபளப்பில்லாத தாளில் அச்சடியுங்கள். கல்லுக்குக் கல் இடையில் கூர்மையான பென்சிலால் கோடு. அசல் கல் சூளையில் வேகாதது. கண்ணாடிப் பலகைமேல் வண்ணத்தை ஊற்றி, அதன்மேல் சிமென்ட் வைத்து எடுப்பதால் வரும் பளபளப்பு அது. ஆகவே முழுப் பளபளப்பு வேண்டாம், அரைப் பளபளப்பு கிளியர் போதும். ஜனங்கள் நடக்கிற தடத்தில் மட்டும் இன்னொரு கோட் கூடுதலாகக் கொடுத்துப் பாருங்கள்.

செம்மண்ணை வாணலியில் வறுத்து ஈரம் போக்கி, அரைத்து, வேட்டித் துணியில் இரண்டு தடவை சலித்த பிறகு பயன்படுத்தலாம். சலிக்காத மண்ணைத் தூவினால் காரைச் சுற்றிச் சரளைக்கல் கிடக்கும். புழுதி சக்கரத்துக்குப் பின்னால், கதவின் கீழ் ஓரம், பின் பம்பர் என்று போகும். கூரைமேல் அள்ளிப் போடாதீர்கள்.

கணவர் வாங்கிக் குவித்த கிட் பெட்டிகள் மாடி அறையில் பிரிக்காமலே கிடக்கின்றன. கெட்டுப்போகுமா? (கண்டனூர்)

பிளாஸ்டிக் பாகங்கள் கெடாது. மொட்டை மாடிக்கு அடியில் கொதிக்கிற அறையென்றால் பாடி வளையலாம், கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். டயர்களைத் தனி உறையில் போடச் சொல்லுங்கள். வினைல் டயரின் எண்ணெய்ப்பசை கசிந்து, ஒட்டிக்கிடக்கும் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். கண்ணாடிப் பாகத்தில் பட்டால் போச்சு. டெக்கால் தாள்களையும் (மாடலில் ஒட்டும் எழுத்து, சின்னங்கள் அச்சடித்த தாள்) ஈரம் புகாத உறையில் போடுங்கள். ஏற்கனவே மஞ்சளாகியிருந்தால், அதே உறையோடு வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் வெளுக்கும். உங்கள் ஊர் வெயிலுக்குச் சில நாட்களே போதும்.