முள்கரண்டி அல்ல, கவை

கேள்வி: ஜப்பானியத் தாவரக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் வேலை வந்திருக்கிறது. ‘சாஜோ’, ‘நிசா புன்ஷி’, ‘ஃபுட்டமட்டா’ என்ற சொற்கள் மாறி மாறி வருகின்றன. மூன்றுக்கும் ‘கிளைத்தல்’ என்றே போட்டுவிடலாம் என்கிறார் வேலை கொடுத்த ஏஜென்ட். போடலாமா?

பதில்: வேண்டாம். மூன்றுக்கும் பொதுவானது கவை, அதாவது இரண்டாகப் பிரியும் வடிவம். ஆனால் மூன்றும் சொல்லும் விஷயம் வேறுவேறு. இசைக்கவைக்கு ஜப்பானியத்தில் ‘ஒன்சா’ என்று பெயர். ‘ஒன்’ ஒலி, ‘சா’ கவை. பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் தட்டிக் காட்டினாரே, அதே கவைதான்.

‘சாஜோ’வில் உள்ள ‘ஜோ’ வடிவத்தை மட்டும் சொல்லும். பார்க்கக் கவை போல இருக்கிறது, அவ்வளவுதான். ‘கவை வடிவ’ என்று எழுதிவிட்டு நகருங்கள். ‘நிசா புன்ஷி’ வளரும் விதத்தைச் சொல்வது. தண்டின் வளர்நுனியே இரண்டாகப் பிரிந்து, இரண்டும் தொடர்ந்து வளரும். ‘மட்சுபரான்’ எனப்படும் சைலோட்டம் இதற்கு நல்ல உதாரணம்: இலையே இல்லாதது போன்ற பச்சைக் குச்சி இரண்டாகும், ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகும். (‘ரான்’ என்றால் ஆர்க்கிட். ஆனால் இந்தச் செடி ஆர்க்கிட் இல்லை. பெயரை மொழிபெயர்க்கப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.) தமிழில் ‘கவட்டைக் கிளைத்தல்’ என்றும் ‘இருகவைக் கிளைத்தல்’ என்றும் இதற்கு வழங்குகிறது. கலைச்சொல் பட்டியல் போடுகிறவர்கள் அடுத்தவர் பட்டியலைப் புரட்டியாவது பார்க்கக் கூடாதா? சரி, ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை மாற்றாமல் போங்கள்.

‘ஃபுட்டமட்டா’ வீட்டுப் பேச்சுச் சொல். இரண்டாகப் பிரியும் சாலைக்கும் அதுதான், ஒரே நேரத்தில் இரண்டு பேரைக் காதலிப்பதற்கும் அதுதான். முள்ளங்கிக்கு வந்தால் மட்டும் கவனம். ‘ஃபுட்டமட்டா டைகோன்’ என்பது கால் இரண்டு முளைத்த முள்ளங்கி. இதில் கிளைத்தல் என்ற பேச்சே இல்லை. வேர் நுனி கல்லிலோ மக்காத எருவிலோ மோதிப் பழுதானால், அல்லது நூற்புழு தாக்கினால், வேர் இப்படிப் பிளந்து வளரும். விவசாயிக்கு அது விலைபோகாத காய். ஆனால் யாமகட்டா மாநிலத்தின் ஷோனாய் பகுதியில் டிசம்பர் 9 அன்று அதையே தேடிப்பிடித்து டைகோக்குவுக்குப் படைக்கிறார்கள். டைகோக்கு வேறு யாருமில்லை, நம் மகாகாலன் அங்கே போய்ச் செல்வத்தின் கடவுளானவர். அந்த ஊர் வழக்கில் இதற்கு ‘மக்கா டைகோன்’ என்று பெயர். ‘மக்கா’ என்றதும் நமக்கு மக்காத குப்பைதான் நினைவுக்கு வரும். அங்கே அதற்குக் கவை என்று பொருள். ஆகவே நோய்க் குறிப்பில் ‘பிளந்த வேர்’, திருவிழாக் குறிப்பில் ‘கவட்டை முள்ளங்கி’.

இனி ஏஜென்ட் விஷயம். இவர்களில் பலர் ஜப்பானிய மூலத்தைக் கண்ணில் காட்டுவதே இல்லை. இயந்திரத்தில் போட்டு ஆங்கிலம் வழியாக எடுத்த தமிழைத் தந்து, ‘சும்மா சரிபார்த்தால் போதும்’ என்று பாதிக் கூலி பேசுவார்கள். அப்படி என் மேசைக்கு வந்த ஒரு பக்கத்தில் ‘தண்டு முள்கரண்டியாக வளரும்’ என்றிருந்தது. இன்னொன்றில் செடிக்குக் ‘கிளை அலுவலகங்கள்’ இருந்தன. புத்தகம் வெளிவந்தால் பழி அவருக்கா வரும்? அட்டைக்குள் உங்கள் பெயர்தான் இருக்கும்.

முன்பணத்துக்கு முன் மூலப் பக்கங்களின் ஸ்கேனைக் கேட்டு வாங்குங்கள். படத்தோடு.