மணிக்கணக்கில் படித்தும் மார்க் ஏறவில்லையா?

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த கையோடு ஆலோசனை கேட்டு வரும் மாணவர்கள் பெரும்பாலும் ஒன்றையே சொல்கிறார்கள்: "பள்ளியில் படித்ததைவிட இப்போதுதான் அதிகம் படிக்கிறேன். ஆனால் மார்க் வரவில்லை." கூட வரும் அப்பாவோ அம்மாவோ போனைக் குறை சொல்வார், இல்லையென்றால் தப்பான பாடப்பிரிவில் சேர்த்துவிட்டோமோ என்று கவலைப்படுவார். சில சமயம் அதுவும் காரணமாக இருக்கலாம். ஆனாலும் நான் முதலில் கேட்பது வேறு: புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்த பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

"வாசிப்பேன், முக்கியமான வரிகளுக்குக் கோடு போடுவேன், பரீட்சைக்கு முன்னால் எல்லாவற்றையும் இன்னொரு தரம் வாசிப்பேன்." அநேகமாக இதுதான் பதில். பள்ளியில் இதே முறையில் நல்ல மார்க் வாங்கினேனே என்று உங்களுக்குத் தோன்றும். வாங்கினீர்கள்தான். ஆனால் பள்ளியில் உங்கள் படிப்பில் பாதி வேலையை ஆசிரியர்கள் செய்துகொண்டிருந்தார்கள். வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்டார்கள், வாரத் தேர்வு வைத்தார்கள், மாதிரித் தேர்வு வைத்தார்கள், நடத்திய பாடத்தையே மறுபடி திருப்பினார்கள். அதெல்லாம் அன்றைக்குத் தொல்லையாக இருந்திருக்கும். பாடம் மனதில் நின்றது அந்தத் தொல்லையால்தான். கல்லூரிப் பேராசிரியர் ஒரு பகுதியை முடித்ததும் அடுத்ததற்குப் போய்விடுவார். கேள்வி கேட்பதும் திருப்புவதும் இனி உங்கள் பொறுப்பு. அதை யாரும் வெளிப்படையாகச் சொல்லித் தருவதில்லை என்பதுதான் சிக்கல்.

வாசித்ததையே மறுபடி வாசிப்பதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. வரிகள் பழகிப்போகின்றன. பழகியதால் தெரிந்தது போல இருக்கிறது. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்குச் சின்ன உரைநடைப் பகுதி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் நான்கு வேளையும் அதை வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் முதல் வேளை மட்டும் வாசித்துவிட்டு, அடுத்த மூன்று வேளையும் அதைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது கதை மாறிவிட்டது: வாசித்தவர்களுக்குச் சுமார் 40 சதவீதம் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதம். இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. எனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் வாசித்துக்கொண்டே இருந்த பிரிவினர்தான்.

எனவே வெள்ளைத்தாளிலிருந்து ஆரம்பியுங்கள். வகுப்பு நடந்த அன்று மாலையே நோட்டை மூடி வைத்துவிட்டு, நினைவில் இருப்பதையெல்லாம் பத்து நிமிடம் எழுதுங்கள். வாக்கியம் அழகாக இருக்க வேண்டியதில்லை. தலைப்பு, சூத்திரம், படம், அம்புக்குறி எதுவானாலும் சரி. பிறகு நோட்டைத் திறந்து, விட்டுப்போனதையும் தப்பாக எழுதியதையும் வேறு நிற மையில் குறியுங்கள். அடுத்து நீங்கள் படிக்க வேண்டியது அந்த நிற மைப் பகுதியை மட்டும்தான். இந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்கக் கூடாது. திருத்தாமல் விட்டால் தப்பான விடையே மனதில் பதிந்துவிடும்.

பாடத்துக்குப் பாடம் இது கொஞ்சம் மாறும். கணக்கு, இயற்பியல் என்றால் தீர்த்துக் காட்டிய கணக்கின் விடையைக் கையால் மறைத்துக்கொண்டு அடுத்த படியை நீங்களே போடுங்கள். உயிரியலில் படத்தைப் பார்க்காமல் வரைந்து பாகங்களைக் குறிக்கலாம். நிரலாக்கம் படிப்பவர்கள் வகுப்பில் பார்த்த நிரலைத் திறக்காமல் புதிதாக எழுதி ஓட்டிப் பார்க்க வேண்டும். வரலாறு, பொருளியல், சட்டம் மாதிரியான பாடங்களில் தகவலை ஒப்பிப்பதைவிட 'ஏன்' என்ற கேள்விக்கு ஒரு பத்தி எழுதுவது பலன் தரும், ஏனென்றால் கல்லூரித் தேர்வு கேட்பது அதைத்தான்.

முதல் சில நாள் வெறுப்பாக இருக்கும். தாளில் நான்கு வரிதான் வரும், நமக்கு ஒன்றுமே தெரியவில்லையோ என்று பயம் வரும். அந்தச் சிரமத்தை வைத்து முறையை எடை போடாதீர்கள். ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில், தாங்களே யோசித்துக் கணக்குப் போட்ட மாணவர்கள் விரிவுரை கேட்டவர்களைவிடத் தாங்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தேர்வில் அதிகம் எடுத்ததும் அவர்கள்தான்.

ஹைலைட்டர் பற்றி ஒரு வார்த்தை. 2013-இல் டன்லாஸ்கியும் அவருடைய குழுவினரும் மாணவர்கள் பயன்படுத்தும் பத்துப் படிப்பு முறைகளை அலசினார்கள். அதில் உயர்ந்த மதிப்பு பெற்றவை இரண்டுதான்: தன்னைத் தானே சோதித்துக்கொள்வது, படிப்பை இடைவெளி விட்டுப் பரப்புவது. கோடு போடுவதும் மறுபடி வாசிப்பதும் கடைசி வரிசையில் இருந்தன. மூன்று நிறத்தில் கோடு போட்டு நோட்டை அலங்கரிப்பது உங்களுக்கு மனத்திருப்தி தந்தால் செய்யுங்கள், ஆனால் அதைப் படிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி இடைவெளி. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ், பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன் மறதியைத் தானே அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி ஆரம்பத்தில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் நடக்கிறது என்று அவர் கண்டார். அதனால் முதல் திருப்புதல் சீக்கிரம் வர வேண்டும். அப்புறம் இடைவெளியை நீட்டிக்கொண்டே போகலாம். மறுநாள், மூன்று நான்கு நாள் கழித்து, பத்து நாள் கழித்து, பிறகு மாதத்துக்கு ஒரு தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்கள் கல்வெட்டு இல்லை, ஒரு நாள் தவறினால் குடி முழுகிவிடாது. ஞாயிறு ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் படிப்பதைவிட, அதே ஐந்து மணியை ஐந்து நாளுக்குப் பிரித்தால் அதிகம் தங்கும் என்பதே விஷயம்.

கணக்குப் பாடங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. ஒரு பாடத்தின் பயிற்சியைப் போடும்போது எந்தச் சூத்திரம் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. தேர்வுத் தாளில் அந்தத் துப்பு கிடையாது. அதனால் இரண்டு மூன்று பாடங்களின் கணக்குகளைக் கலந்து போடுங்கள். தப்பு கூடும்தான், ஆனால் எது எந்த வகைக் கணக்கு என்று அடையாளம் காணும் பழக்கம் வரும்.

நோட்ஸ் எடுப்பதற்கு, கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் பாக் 1950-களில் உருவாக்கிய முறை இன்றும் உதவும். பக்கத்தின் இடது ஓரத்தைக் காலியாக விட்டு, வகுப்பு முடிந்ததும் அங்கே கேள்விகளை எழுதுங்கள். பிறகு வலது பக்கத்தை மறைத்துக்கொண்டு பதில் சொல்லிப் பார்க்கலாம். கையால் எழுதுவதா, லேப்டாப்பா என்று கேட்கிறார்கள். ஆய்வு முடிவுகள் ஒரே பக்கம் சாயவில்லை. பேராசிரியர் சொல்வதை வரிக்கு வரி தட்டச்சு செய்தால் எதுவும் மண்டையில் ஏறாது, அவ்வளவுதான்.

நேரம் எங்கே இருக்கிறது என்பீர்கள். ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரச் சொந்தப் படிப்பு என்று சில நாடுகளில் கணக்கு வைத்திருக்கிறார்கள். வாரம் 16 மணி நேர வகுப்பு என்றால் மொத்தம் 48 மணி நேரம், அதாவது ஒரு முழுநேர வேலைக்குச் சமம். அவ்வளவு முடியாவிட்டாலும், வகுப்புகளுக்கு நடுவே கிடைக்கும் ஓய்வு நேரங்களை வெள்ளைத்தாளுக்கு ஒதுக்குங்கள். தேர்வுக்கு முந்தின இரவு தூக்கத்தைக் குறைத்துப் படிக்க வேண்டாம். படித்தது மனதில் படிவதற்குத் தூக்கம் தேவை.

திருத்திய விடைத்தாள் கையில் கிடைத்தால் மார்க்கைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள்: புரியவே இல்லையா, புரிந்தும் நினைவுக்கு வரவில்லையா, கேள்வியைத் தவறாகப் படித்தீர்களா, நேரம் போதவில்லையா. நினைவுக்கு வராததற்குத்தான் மேலே சொன்ன மருந்து. புரியாததற்கு அது போதாது. பேராசிரியரையோ சீனியரையோ பார்க்க வேண்டும். போகும்போது "எதுவும் புரியவில்லை" என்று போகாமல், இந்தப் படி வரை வந்தேன், இங்கே மாட்டிக்கொண்டேன் என்று தாளைக் காட்டுங்கள். அப்படிப் போகிறவருக்கு உதவ யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள்.

பெற்றோருக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எத்தனை மணி நேரம் படித்தாய் என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அது மேசை முன்னால் உட்காரும் பழக்கத்தைத்தான் வளர்க்கும். இன்றைக்கு நடத்தியதில் ஒன்றை எனக்குச் சொல்லேன் என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரியாமல் இருப்பது இதில் நல்லதுதான், பிள்ளை எளிமையாக விளக்கியாக வேண்டும். ஆனால் பிள்ளை வகுப்புக்கே போகாமல் இருந்தாலோ, வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டு யாரிடமும் பேசாமல் இருந்தாலோ, அது படிப்பு முறைப் பிரச்சினை இல்லை. முதலில் ஒரு மருத்துவரிடமோ கல்லூரியின் மனநல ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள். திருப்புதல் அட்டவணையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.