காமிக்ஸ் வில்லிகளில் யாருடைய பழிவெறி உங்களைப் பாதித்தது?

எக்ஸ்-மென் காமிக்ஸில் வுல்வரினைத் துரத்தும் லேடி டெத்ஸ்ட்ரைக். வேறு பெயரே எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் எக்ஸ்-மென் படங்களை மட்டும் பார்த்தவர் என்றால் "அந்த நீள நகக்காரிக்கு என்ன பழி?" என்று கேட்பீர்கள். 2003-ல் வந்த இரண்டாம் படத்தில் அவளை ஸ்ட்ரைக்கர் என்ற ராணுவ வில்லனின் மருந்துக்குக் கட்டுப்பட்ட வெறும் அடியாளாக்கிவிட்டார்கள். அவள் கதையையே பிடுங்கிவிட்டார்கள் என்பது என் ஆதங்கம்.

காமிக்ஸில் அவள் யுரிகோ ஓயாமா. 1983-ல் டேர்டெவில் 197-ஆம் இதழில் அறிமுகமானபோது வில்லியே இல்லை. அப்பா டார்க் விண்ட், இரண்டாம் உலகப்போரில் தற்கொலைத் தாக்குதலுக்குப் போய் முகம் சிதைந்து உயிரோடு திரும்பியவர். அந்த அவமானத்தில் பெற்ற பிள்ளைகளின் முகங்களையும் கீறி வடுவாக்கினார். எலும்போடு அடமாண்டியம் என்ற, உடைக்கவே முடியாத கற்பனை உலோகத்தை இணைக்கும் முறையைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். 199-ஆம் இதழில் அவரை யுரிகோவே வாளால் கொல்கிறாள். அவருக்குத் தொண்டனாக இருந்த தன் காதலன் கிராவை அவர் பிடியிலிருந்து மீட்கத்தான் அத்தனையும் செய்தாள். அவனோ தலைவர் போன துக்கத்தில் தன்னையே மாய்த்துக்கொள்கிறான்.

அதன்பிறகுதான் தன் அப்பாவின் முறையைத் திருடித்தான் எக்ஸ்-மென் நாயகன் வுல்வரினின் எலும்பில் அந்த உலோகத்தை ஏற்றியிருக்கிறார்கள் என்று அவனைத் துரத்த ஆரம்பிக்கிறாள். "தானே கொன்ற அப்பனுக்காக எதற்குப் பழிவாங்கணும், லாஜிக்கே இல்லையே" என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது புரியும்.

என் அப்பா கோவையில் லேத் பட்டறை வைத்திருந்தார். டிப்ளமோ மெக்கானிக்கல் சேரவேண்டும் என்று நான் அழுதபோது "பொம்பளைப் புள்ளைக்குப் பட்டறைப் படிப்பு எதுக்கு" என்று தடுத்தவர். அதிலிருந்து அவரோடு சரியாகப் பேசியதில்லை. அவர் செய்தது தப்பு, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அவர் கருமாதிக்கு வந்த பழைய பார்ட்னர், பந்தலில் நாலு பேர் முன்னால் பம்புக்குள் சுழலும் இம்பெல்லரை லேத்தில் கடையும்போது அசையாமல் பிடித்துக்கொள்ளும் அந்த பிக்சர் (fixture) தன்னுடைய டிசைன் என்று சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது எங்கப்பா போட்டதுங் மாமா."

"உங்கப்பன் கடைஞ்சு குடுத்தான் அம்மிணி, அவ்வளவுதான்."

உள்ளே போய் அப்பாவின் நோட்டை எடுத்துவந்தேன். தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கம் பென்சிலில் வரைந்து, பசை தடவி ஒட்டிவைத்திருப்பார். ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் ஆயில் பட்ட பெருவிரல் ரேகை. பிக்சரின் மூன்று பிடிதாடைகளில் ஒன்றை மட்டும் ஏன் சற்றுத் தள்ளி வைத்தார் என்று அதே தாளில் காரணமும் எழுதியிருந்தார். காரணத்தை நீங்கள் சொல்லுங்கள் மாமா என்றேன். அவரால் சொல்ல முடியவில்லை. துக்க வீட்டில் சண்டை போட்டாள் என்று சொந்தக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். பேசட்டும். அப்பாவோடு எனக்கிருந்த கணக்கு வேறு, அவர் உழைப்பைத் திருடியவரோடு உள்ள கணக்கு வேறு.

உடனே கொலையை நியாயப்படுத்துகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். 1986-ல் அன்கேன்னி எக்ஸ்-மென் 205-ல் டெத்ஸ்ட்ரைக் ஸ்பைரல் என்ற இன்னொரு வில்லியிடம் போய் உடலையே இயந்திரமாக்கிக்கொள்கிறாள். பேரி விண்ட்சர்-ஸ்மித் வரைந்த இதழ் அது. பனிக்கொட்டலில் கேட்டி என்ற சின்னப்பெண் பக்கத்தில் இருக்க, தோற்றுப்போனவள் கொன்றுவிடு என்று கெஞ்சுகிறாள். வுல்வரின் மறுத்துவிடுகிறான். அவன் கேட்டு உடம்பில் ஏற்றிக்கொண்ட உலோகமும் இல்லை அது. அவள் துரத்தியது தப்பான ஆளை என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் இப்படி எத்தனை பேர் மூளையில் உதித்த ஜிக், பிக்சர் போன்ற பட்டறைத் துணைக்கருவிகள் வேறு ஆள் பெயரில் ஓடுகின்றன! வாய்ப்பேச்சில் பார்ட்னர்ஷிப், எழுத்தில் ஒன்றும் கிடையாது. பட்டறை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், வரைகிற ஒவ்வொரு தாளிலும் தேதி போட்டுக் கையெழுத்து வையுங்கள்.